துண்டும் டிக்கெட்டும்

சினிமாப் பாட்டைப் பற்றி நம்ம பத்திரிகைகளில் இரண்டு விதமாகத்தான் எழுதுகிறார்கள். ஒன்று, 'வெகுசன மயக்கம்' என்று நாலு வரியில் தள்ளிவிடுவது. மற்றொன்று, இளையராஜா தன்னைத் தலித் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமா கூடாதா என்று நாற்பது பக்கம் வழக்காடுவது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, மைதானத்தில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று, தொண்டை கட்டுகிற வரைக்கும் கூடப் பாடுகிறவன் எந்தக் காலனியிலிருந்து வந்தான், அவன் காதில் என்ன விழுந்தது என்பதை யாரும் எழுதக் காணோம். நான் அந்த ஆள்தான். 1992இல் 'ரோஜா' வந்தபோது மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் வெற்று கேசட் வாங்கிக் கொடுத்துப் பாட்டுப் பதிவு பண்ணச் சொல்லி, மூணு நாள் நடையாய் நடந்து வாங்கினவன். ரகுமானை அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. இந்தக் கட்டுரையில் வருகிற விமர்சனம் எதுவும் அந்தப் பிடிப்பைக் கழற்றிவைத்துவிட்டு எழுதியதில்லை.

2016 ஜனவரி 16. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஏ.ஆர். ரகுமானின் 'நெஞ்சே எழு' திறந்தவெளிக் கச்சேரி. 'மரியான்' படப் பாட்டின் பெயரையே கச்சேரிக்கும் வைத்திருந்தார்கள். முந்தின டிசம்பரில் சென்னையை முக்கி எடுத்த வெள்ளத்துக்கு நிவாரண நிதி திரட்டுவது என்பது அறிவிப்பு. நான் அப்போது சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. அன்றைக்கு மாட்டுப் பொங்கல். வழக்கமாய்ப் பாலமேட்டில் ஜல்லிக்கட்டு நடக்கிற நாள். உச்ச நீதிமன்றம் ஜனவரி 12ஆம் தேதி தடை போட்டிருந்ததால் அந்த வருசம் அதுவும் இல்லை. (ஜல்லிக்கட்டு இல்லையென்று சாதி இந்துக்கள் அழுத அழுகையில் நம்ம சனத்துக்கு எவ்வளவு பங்கு என்பது தனிக் கட்டுரை.) கூட வேலை பார்த்த ராமநாதபுரத்து நண்பன், "மாப்ள, டிக்கெட்டு போட்டாச்சு, கெளம்பு" என்றான். கிளம்பிவிட்டேன்.

கச்சேரியைப் பற்றி முதலில் கச்சேரியாகவே பேசுவோம். ரகுமானின் இசை காதுக்குள் வைத்துக் கேட்கும்படி அடுக்கப்பட்ட இசை. ஒரு பாட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாய் மெல்லிசாய்ப் படிந்து கிடக்கும். அதைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்தால் காற்று நடுவில் இருப்பதையெல்லாம் தின்றுவிடுகிறது. அடியில் கிடக்கும் பேஸ் நெஞ்சில் வந்து முட்டும், மேலே கோரஸ் கேட்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. ஆனால் நடந்தது என்னவென்றால், காற்று தின்ன இடத்தைச் சனம் நிரப்பியது. என்னைச் சுற்றி நின்றவர்கள் பாட்டு வரிகளை மட்டும் பாடவில்லை. இடையில் வருகிற வாத்திய இசையை, புல்லாங்குழல் வருகிற இடத்தை, கிதார் இழுக்கிற இழுப்பை வாயாலேயே பாடினார்கள். எனக்கு முன்னால் நின்ற பையன் தடுப்புக் கம்பியில் இரண்டு விரலால் தாளம் தட்டினான். அது மேடையில் வாசித்த தாளம் இல்லை, அவன் ஊர்த் தாளம். இருபது வருசமாய்த் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட பாட்டு கேட்டவனுக்குச் சொந்தமாகிவிடுகிறது. இதை வெறும் நுகர்வு என்று ஒதுக்குகிற தோழர்கள் ஒரு தடவையாவது அந்தக் கூட்டத்துக்குள் நின்று பார்க்க வேண்டும்.

சரி, நிவாரணத்துக்கு வருவோம்.

நந்தனம் மைதானத்திலிருந்து சைதாப்பேட்டைப் பாலம் நடக்கிற தூரம். பாலத்துக்குக் கீழே அடையாறு. டிசம்பர் 1 ராத்திரியும் 2ஆம் தேதியும் அந்த ஆறு ஏறி வந்து கரையோரக் குடிசைகளை வாரிக்கொண்டு போனது. யாருக்காகப் பாடுகிறோம் என்று மேடை சொன்னதோ அந்தச் சனம் மைதானத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. மைதானத்துக்குள் இருந்ததா? டிக்கெட் வைத்திருந்தவர்கள் இருந்தோம். மேடையை ஒட்டி ஒரு வகை, அதற்குப் பின்னால் ஒரு வகை, எங்களை மாதிரி ஆட்களுக்குக் கடைசியில் ஒரு வகை என்று பணம் கட்டினபடி பிரித்து நிறுத்தியிருந்தார்கள். இதில் எந்தக் கச்சேரிக்காரரையும் தனியாகக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; உலகம் பூராவும் நிதிக் கச்சேரியின் கட்டுமானமே இதுதான். துன்பப்படுகிறவர் பெயரால் கூட்டம் கூடும். துன்பப்படுகிறவர் அங்கே இருக்கமாட்டார். இருந்தால் கூட்டத்துக்குக் கை தட்ட வராது, கூச்சமாக இருக்கும்.

1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்காள தேசத்து அகதிகளுக்காக நடத்திய கச்சேரிதான் இந்த வகைக்கு ஆதி என்பார்கள். அன்றைக்கு டிக்கெட்டில் வசூலான சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃபுக்குப் போனது. இசைத்தட்டு விற்ற பணமோ வரி வழக்கில் சிக்கி வருசக்கணக்காய்க் கிடந்தது. 1985 ஜூலை 13ஆம் தேதி லண்டனிலும் பிலடெல்பியாவிலும் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 'லைவ் எய்ட்'. அங்கே பஞ்சத்துக்கு மழை பொய்த்தது மட்டும் காரணமில்லை. உள்நாட்டுப் போர் இருந்தது, அரசாங்கம் சனத்தை இடம்பெயர்த்த கொடுமை இருந்தது. பாட்டில் அதெல்லாம் வராது. பாட்டில் பசித்த குழந்தை மட்டும்தான் வரும். நம்ம நாட்டிலும் 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி கச்சேரிகள் செய்து கொடுத்தார். சபாவுக்குள் உட்கார்ந்து கேட்டவர்கள் ஒரு நல்ல காரியத்துக்குக் காசு கொடுத்தோம் என்று எழுந்து போனார்கள். சபாவுக்குள் யார் உட்கார முடியும் என்ற கேள்வி அந்த நிதியில் சேராது. நான் பணம் போய்ச் சேரவில்லை என்று வாதம் பண்ணவில்லை, போய்ச் சேர்ந்திருக்கும். என் கேள்வி பணத்தைப் பற்றியே இல்லை. துன்பத்தைக் காரணத்திலிருந்து அறுத்து எடுத்து, அதை 'இயற்கைச் சீற்றம்' என்றும் 'மனிதாபிமானம்' என்றும் இரண்டு சொல்லுக்குள் அடக்குகிற வேலையைப் பாட்டு எப்படிச் செய்கிறது என்பதுதான்.

வெள்ளம் வடிந்த பிறகு சென்னையில் மலைமலையாய்க் குப்பை. அதை அள்ளுவதற்குத் தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சிகளிலிருந்தும் நகராட்சிகளிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர்களை லாரியிலும் பஸ்ஸிலும் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அந்த வாரம் சைதாப்பேட்டைப் பக்கம் நடந்து போகும்போது நம்ம தென்மாவட்டப் பேச்சு காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் நாலைந்து பேர் மெத்தையும் சேறும் செத்த நாயும் கலந்து கிடந்ததை வெறுங்கையால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். "எங்கிட்டுண்ணே ராத்தங்கல்?" என்றேன். "கல்யாண மண்டபத்துல தம்பி. மண்டபத்துக்காரன் கக்கூசத் தொறந்து விட மாட்டேங்கிறான்" என்றார் ஒருத்தர். 2004 சுனாமியிலும் இதேதான். நாகப்பட்டினத்தில் பிணங்களை எடுத்தது வெளியூர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். நிவாரண முகாமிலும் பொருள் பங்கீட்டிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டது அப்போதே எழுதப்பட்டது, படமும் எடுக்கப்பட்டது. 2015 மழையில் கடலூர் மாவட்டத்துச் சேரிகளுக்கு நிவாரணம் எப்படி ஊரைச் சுற்றிக்கொண்டு கடைசியில் வந்தது என்பதும் வெளியே தெரிந்ததுதான். அடையாற்றங்கரைச் சனத்துக்கு வெள்ளம் கொடுத்த பரிசு இன்னொன்று உண்டு. 'பாதுகாப்பு' என்று சொல்லி அவர்களைப் பெயர்த்து நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். வேலை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். தண்ணீர் செய்யாததை நிவாரணம் செய்தது.

இதையெல்லாம் ஒரு பாட்டுக் கச்சேரியின் தலையில் ஏன் கட்டுகிறாய் என்று கேட்கலாம். என் காது அப்படி வளர்ந்த காது. அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனம், கண்ணுக்கெட்டினவரைக்கும் வயல். ஊருக்கு ஒரு மந்தை, மந்தைக்குக் கிழக்கே கண்மாய்க்கரை, கரைக்கு அங்கிட்டு நாங்க. பொங்கல் சாட்டினால் மந்தையில் ரேடியோ செட்டுக் கட்டுவார்கள். நாலு குழாய். மூணு குழாய் ஊரைப் பார்த்து இருக்கும். நாலாவதைப் புளியமரத்தில் உயரக் கட்டி எங்கள் பக்கம் திருப்பி வைப்பார்கள். பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். சாமி சாட்டினது எங்களுக்கும் தெரிந்தால்தான் வெள்ளன எழுந்து போய்ப் பந்தல் போட, தோரணம் கட்ட, சாணி தெளிக்க, தப்படிக்க ஆள் வரும். அந்த நாலாவது குழாயில்தான் நான் இளையராஜாவைக் கேட்டேன். மந்தைக்குள் கால் வைக்கக் கூடாதவனுக்கு மந்தையின் பாட்டு முழுசும் வந்து சேர்ந்தது. சத்தத்துக்குத் தீட்டுக் கிடையாது போல. இல்லையென்றால் அதற்கும் ஒரு சுவர் வைத்திருப்பார்கள். உத்தப்புரத்தில் வைத்த மாதிரி. அந்தச் சுவரில் ஒரு பகுதியை இடிக்கவே 2008 மே 6ஆம் தேதி வரைக்கும் ஆனது.

ராத்திரி மதுரையிலிருந்து மெல்லிசைக் குழு வரும். பாடகர் எம்.ஜி.ஆர். பாட்டில் ஆரம்பிப்பார். எங்கள் பெரியப்பா பகல் முழுக்கச் சாமிக்கு முன்னால் தப்படித்துக்கொண்டு வந்தவர். அம்மன் இறங்கி ஆடினது அவர் அடியில்தான். ஆனால் கச்சேரி மேடையில் விளக்குப் போட்டதும் அவர் கிளம்பிவிட வேண்டும். கிளம்பும்போது ஒரு துண்டும் படி அரிசியும் கொடுப்பார்கள். அம்பலகாரருக்குப் பரிவட்டம், பெரியப்பாவுக்கு ஈரிழைத் துண்டு. வாங்கும்போது, தோளில் கிடக்கிற பழைய துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மந்தையைத் தாண்ட முடியாது; கண்மாய்க்கரை ஏறின பிறகுதான் போடுவார். அவர் அடித்ததற்கு அது கூலி. ஆனால் அதைக் கூலி என்று யாரும் சொன்னதில்லை. 'கொடுத்தோம்' என்றுதான் சொல்வார்கள். கூலி என்று சொன்னால் கணக்குக் கேட்கலாம், குறைந்தால் சண்டை போடலாம். கொடை என்று சொல்லிவிட்டால் கும்பிட மட்டும்தான் முடியும்.

கொடை, தருமம், உதவி, கருணை ஆகிய சொற்கள் எல்லாம் எனக்கு அந்தக் குனிந்த முதுகு வழியாகத்தான் அர்த்தமாகின்றன. நந்தனத்தில் மேடையிலிருந்து நல்ல மனசோடு யாரோ இரக்கத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னபோது என்னைச் சுற்றி எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. இது ரகுமானின் மனசைப் பற்றிய தீர்ப்பில்லை. வசதியில்லாத பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்றுக்கொடுத்து ஆர்க்கெஸ்ட்ராவே உருவாக்கியவர் அவர், அது எனக்குப் பெரிய காரியமாகவே படுகிறது. நான் பேசுவது அந்தச் சொல் எங்கிருந்து எங்கே பாய்கிறது என்பதைப் பற்றி. மேலேயிருந்து கீழே பாய்கிற எதற்கும் நம்ம ஊரில் சாதியின் வாய்க்கால் ஏற்கெனவே வெட்டிக் கிடக்கிறது.

வேறு மாதிரித் திறந்தவெளிக் கச்சேரிகளையும் நான் மதுரையில் கேட்டிருக்கிறேன். 1990களில் அரசரடி இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலை விழா நடத்தியது. கல்லூரி மாணவனாய் நண்பர்களோடு சைக்கிளில் போவோம். ஊர் ஊராய் வந்த குழுக்கள் மரத்தடியில் சருகும் வைக்கோலும் போட்டுத் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சுவார்கள். அது காய்ந்து விறைத்து 'ணங்' என்று ஆகிற வரைக்கும் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்தக் காய்ச்சலே ஒரு கச்சேரி. திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் பிடித்து வரிசையாய் வந்தபோது எங்கள் ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். சாவு வீட்டில் ஆண்கள் மட்டும் அடித்த கருவி அது. திறந்தவெளி அதற்குப் புதிதில்லை. காற்று அதன் நடுவைத் தின்ன முடியாது.

அங்கே தியோபிலஸ் அப்பாவு இருந்தார். பரட்டை அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பாதிரியார், ஆனால் கீர்த்தனையைக் கண்டால் ஆகாது. அவர் வாதம் ரொம்ப எளிது. கர்நாடக சங்கீதமும் மேற்கத்திய இசையும் எழுதினவன் எழுதினபடியே பாடச் சொல்கின்றன. அதற்குப் படிப்பு வேண்டும், வாத்தியம் வேண்டும், காசு வேண்டும். நாட்டுப்புறப் பாட்டை மட்டும்தான் பாடுகிற சனம் தன் வாய்க்கும் தன் தேவைக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ள முடியும். அதனால் விடுதலைக்கு அதுதான் கருவி. 'ஒரே உலை' என்பார். ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து ஒரே பானையில் போட்டு, எல்லாரும் சேர்ந்து பொங்கித் தின்பது. உதவி வாங்குவதற்கும் உலையில் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாய் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. கொடுத்தவன் யார் வாங்கினவன் யார் என்று பானைக்குத் தெரியாது. சாதி இருக்கிற நாட்டில் ஒரே உலை என்பது சமபந்தி போஜனமும் இல்லை. அங்கே ஒருத்தன் செலவில் மற்றவன் உட்காருகிறான். அப்பாவு 2005இல் காலமானார். ஆனால் அவர் வாதத்தில் ஒரு இடத்தில் எனக்கு இடிக்கும். சினிமாப் பாட்டை அவ்வளவு சுலபமாய் ஒதுக்க முடியாது. நந்தனத்தில் கம்பியில் தட்டின பையன் செய்ததும் மாற்றிக்கொள்வதுதானே? பாட்டு எங்கிருந்து வந்தது என்பதைவிட, பாடுகிறவன் அதற்குள் கை வைக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

அப்புறம் கே.ஏ. குணசேகரன். இளையான்குடிப் பக்கம் மாரந்தைக்காரர், மதுரையில் படித்தவர். 'தன்னானே' குழுவோடு அவர் தெருவில், திடலில், பேருந்து நிலையத்து முக்கில் பாடாத ஊர் நம்ம பக்கத்தில் குறைவு. இன்குலாபின் 'மனுசங்கடா' கவிதை சனங்களின் பாட்டானது அவர் தொண்டையில்தான். அவர் பாடினால் மைக் தேவையில்லை என்று சொல்வது புகழ்ச்சி; மைக் இருக்கும், ஆனால் பாதிப் பாட்டில் அதைத் தள்ளிவைத்துவிட்டுச் சனத்தைப் பார்த்து நடந்து வந்துவிடுவார். அவர் பாடி முடித்ததும், கூட்டம் கலைவதற்குள், இரண்டு பேர் ஒரு துண்டை நாலு முனையிலும் பிடித்து விரித்துக்கொண்டு வருவார்கள். துண்டேந்தல். வழக்குச் செலவுக்கு, சிறையில் இருக்கிற தோழனின் வீட்டுக்கு, எரிந்த குடிசைக்குக் கூரை போட. கூலிக்காரப் பெண் முந்தானையை அவிழ்த்து எட்டணாப் போடுவாள். அவளுக்காகத்தான் அந்தத் துண்டே, அவளே போடுவாள்.

பெரியப்பா குனிந்து வாங்கின துண்டும் இதுவும் ஒரே கடைத் துண்டுதான். பாவலர் வரதராசனும் தம்பிகளும் பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டுப் பழைய மதுரை மாவட்டம் முழுக்கக் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடினார்கள், 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு மலையேறிப் போய்ப் பாடினார்கள். இளையராஜா முதலில் கற்றுக்கொண்ட திறந்தவெளி அதுதான் என்பதை அவர் ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். துண்டு சுற்றி வருகிற கூட்டத்துக்குப் பாடுகிறவன் ஒரு பாட்டை எப்படிக் கட்டுவான்? கேட்டவன் முதல் தடவையிலேயே இரண்டாம் அடியைக் கூடப் பாட முடிய வேண்டும். பாடினால்தான் கை பைக்குள் போகும். டிக்கெட்டுக் கச்சேரியில் பணம் வாசலிலேயே வந்துவிட்டது. அதற்கப்புறம் பாட்டுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. அது விளக்காலும் புகையாலும் ஒப்பேற்றிக்கொள்ளலாம். வடிவம் என்று நம்ம விமர்சகர்கள் பேசுகிற விசயம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஜனவரி 16 ராத்திரி கச்சேரி முடிந்து, காதுக்குள் ரீங்காரத்தோடு அறைக்கு வந்து படுத்தேன். மறுநாள் 17ஆம் தேதி குணசேகரன் புதுச்சேரியில் காலமானார். அதே 17ஆம் தேதி ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா. இரண்டு செய்தியும் ஒரே நாளில் வந்து விழுந்தன. ஒருத்தருக்கு அறுபது வயசு, இன்னொருத்தருக்கு இருபத்தாறு. இதற்கெல்லாம் யாரும் மைதானம் பிடித்து நிதிக் கச்சேரி நடத்த மாட்டார்கள். காரணத்தை மறைத்துப் பாட முடியாத துன்பம் அது. வெள்ளத்துக்குப் பாடலாம், புயலுக்குப் பாடலாம், நோய்க்குப் பாடலாம். மேலவளவுக்கு? 1997 ஜூன் 30ஆம் தேதி பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஒரு ஊராட்சி தனித்தொகுதி ஆனதற்காக நடந்த கொலை. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். வருசா வருசம் அந்த நாளில் நினைவிடத்தில் கூடுகிற சனம் தப்படித்துப் பாடுகிறது, துண்டு சுற்றி வருகிறது. எந்த நட்சத்திர இரவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மனிதாபிமானத்துக்கு ஒரு எல்லைக்கல் உண்டு. அது ஊருக்கும் சேரிக்கும் நடுவில் நட்டிருக்கிறது.

இரண்டு வருசம் கழித்து, 2018 ஜனவரி 6ஆம் தேதி, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து நடத்தினது. பத்தொன்பது பேர். கிதார், டிரம்ஸ், பறை, சட்டி, கட்டைமோளம். வடசென்னையின் சாவு வீட்டுக் கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். டிக்கெட் கிடையாது, வகை பிரித்து நிறுத்தின தடுப்பும் இல்லை. ஆயிரக்கணக்கில் சனம். இட ஒதுக்கீட்டைப் பற்றி ராக் பாட்டு வரும் என்று 'ரோஜா' கேசட்டைத் தேய்த்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாட்டுக்கறிப் பாட்டுக்கு ஆடியது. ஆடிக்கொண்டே என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, சும்மா நிக்கிற?" என்றது. இதில் யாருக்கு யார் உதவி?

ஆனால் அதையும் கும்பிட்டு முடித்துவிடக் கூடாது. மதுரைக்காரனாய்க் கேட்டபோது அது முழுக்கச் சென்னைச் சத்தம். நம்ம ஒப்பாரி, நம்ம கும்மி, நையாண்டி மேளத்தோடு தப்பு முட்டுகிற முட்டு எதுவும் அதில் இல்லை. பின்னால் 'மார்கழியில் மக்களிசை' 2021 டிசம்பரில் மதுரையில் தொடங்கிக் கோவைக்கும் சென்னைக்கும் போனபோது அந்தக் குறை கொஞ்சம் தீர்ந்தது. மார்கழி என்ற பெயரை எடுத்துக்கொண்டதே நல்ல கலகம். ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். பறை மேடையில் ஏறி விளக்குக்குள் நின்றதும் அதைச் சுற்றியிருந்த சனம் பார்வையாளராகிவிடுகிறது. கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பாதி மைதானம் பாட்டைக் கேட்கவில்லை, பதிவு பண்ணிக்கொண்டிருந்தது. அதோடு, நம்ம பாட்டு வெளியே பரவப் பரவ நம்ம ஆள் பின்னுக்குப் போகிற வித்தையும் நடக்கிறது. 'எஞ்சாயி எஞ்சாமி' 2021இல் உலகம் சுற்றியது. அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து எடுத்து எழுதிப் பாடின பாட்டு. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அவர் முகம் இல்லை. சண்டை போட்ட பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு அவர் இல்லாமலேயே அரங்கேறியது. தேயிலைத் தோட்டத்துக் கிழவியின் கதைக்கு எல்லாரும் ஆடலாம், பேரன் மட்டும் வரவில்லை.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. பறைக்குக் கிடைத்த மரியாதை என்று நானும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அவருடைய சமர் கலைக்குழுவில் அடி பழகின பிள்ளைகள் பல ஊரில் இருக்கிறார்கள். எங்கள் பெரியப்பா வீட்டுப் பேரனுக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. "சித்தப்பா, பத்மஸ்ரீ குடுத்தாலும் பாடை முன்னாடி அடிக்கிறவன் நாமதானே? நான் தொட மாட்டேன்" என்கிறான். 1990களில் நம்ம கூட்டங்களில் விடிய விடிய நடந்த சண்டை அது. பறையை விடுவதா, மீட்பதா? இன்னும் முடியவில்லை. அவன் கிதார் வாங்கியிருக்கிறான், தவணையில். அதில் ரகுமான் பாட்டுத்தான் வாசிக்கிறான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவன் வலது கை கம்பியில் விழுகிற விதத்தில் அவன் தாத்தா இருக்கிறார்.

ஒரு காரியம் பாக்கி. அரசரடி விழாக்களிலும் மற்றத் திடல்களிலும் குணசேகரன் பாடினதை அந்தக் காலத்தில் பலபேர் சின்ன டேப் ரிக்கார்டரில் பதிவு பண்ணினார்கள். எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் மேடைக்குக் கீழே உட்கார்ந்து பிடித்தார்கள். விற்ற கேசட்டில் இருப்பது வேறு; இதில் பாட்டுக்கு நடுவே கூட்டம் திருப்பிப் பாடுகிற சத்தம், துண்டில் சில்லறை விழுகிற சத்தம், யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தம் எல்லாம் இருக்கும். என்னிடம் இருந்த ஒன்று நாடா சிக்கி அறுந்துபோனது. உங்கள் வீட்டுப் பரணில், பழைய இரும்புப் பெட்டியில் அப்படி ஏதாவது கிடந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். பூஞ்சை பிடித்த நாடா முதல் சுற்றிலேயே போய்விடும். அப்படியே எடுத்து, துணியில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பத்திரிகைக்கு ஒரு கடிதம் போடுங்கள். வந்து வாங்கிக்கொள்கிறோம்.